இன்னும் மூண்டு சுத்து

ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஸ்காபரோவில், அல்பேர்ட் காம்பல் சதுக்கத்துப் பனித்தளத்தின் ஓரத்தில் நின்று, "அஞ்சு நிமிசத்திலை போகோணும் ராசா" என்று கத்தினேன். ஏழு வயது மகன் தலையாட்டினான். ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டபோது பனியிலேயே படுத்துவிட்டான். ஒரு கையுறை எங்கோ போயிற்று. சறுக்குச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்க விடாமல் காலை உதறினான். "வராட்டி இனிக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்" என்று மிரட்டினேன், அழுகை கூடியது. காரில் ஏறியதும், "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாய் பிள்ளை" என்றார் அம்மா.

அவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு. உலகில் ஏறத்தாழ 20 பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. கவனமே இல்லாத பிள்ளை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பிடித்த விளையாட்டில் அவன் கவனம் அட்டைபோல ஒட்டும். அதைக் கழற்றி அடுத்ததில் வைக்கும் திறன்தான் மூளையில் பிந்தி வளர்கிறது. கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரத்துப் பலகை மங்குவதுபோல, இவர்களுக்கு வரப்போகும் நேரம் மங்கலாகத் தெரியும் என்று அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி விளக்குவார்.

அடுத்த கிழமை ஒன்றைக் கவனித்தேன். பனியைச் சீர்செய்யும் சம்போனி வண்டி வந்ததும் எல்லோரும் வெளியேறினார்கள். அவனும் முணுமுணுக்காமல் வந்து, நாடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கீறல் விழுந்து வெளிறிக் கிடந்த பனி, வண்டி போன வழியெல்லாம் ஈரமாய்க் கறுத்துப் பளபளத்தது. முடிவு அவன் கண்முன்னே உருண்டு வந்தது. என்னுடைய 'அஞ்சு நிமிசம்' அவனுக்கு எதைக் காட்டியது?

இப்போது நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. கிட்டப் போய், குனிந்து, முகத்தைப் பார்த்து, "இன்னும் மூண்டு சுத்து" என்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என் கையில் ஒரு தட்டு. கடைசிச் சுற்று என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். பையில் சுடச்சுட மைலோ இருப்பதும் அவனுக்குத் தெரியும். அதை லஞ்சம் என்றார் அம்மா. தோணியை விட்டு இறங்குகிறவனுக்குக் கால்வைக்க இடம் வேண்டாமா?

பசியோ களைப்போ இருக்கும் நாட்களில் இதெல்லாம் எடுபடாது. அழுவான். பேசாமல் பக்கத்தில் இருப்பேன்; அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது.

நம் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை, 'போட்டு வாறன்' என்போம். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அம்மாதான். போன சனிக்கிழமை மூன்றாவது தட்டுக்குப் பிறகு, "இதுதான் கடைசி" என்று அவனே சொன்னான். குனிந்து, கையுறையோடு பனியைத் தொட்டு, "போட்டு வாறன்" என்றான். பிறகு வாங்கில் வந்து அமர்ந்து காலை நீட்டினான். முழங்கால் நோவோடு அம்மா கீழே குந்தியிருந்து, இறுகிப்போன நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.