மந்தமதி என்னும் பழி

இராமநாதபுரக் கடற்கரையூர்களிற் பள்ளிக்கணக்கில் இடர்ப்படும் மீனவச் சிறாரை, ‘மந்தமதியினர், அஃது அவர் முன்வினைப் பயன்’ என்று சொல்லிக் கைவிடுவார் சிலர் உளர். அக்கூற்றிற்குச் சித்தாந்தத்தையே அவர் துணைகொள்வர். அது பொருந்தாமை ஈண்டுக் காட்டப்படும்.

உயிர் தானே அறிவதன்று, உணர்த்த உணர்வது. ஆணவத்தான் மறைந்த அதன் அறிவைக் கலை, வித்தை முதலிய தத்துவங்கள் சிறிது சிறிதே விளக்க, மனம் பற்றியதனைப் புத்தி நிச்சயிக்கும். விளக்கம் படிப்படியே நிகழ்வதாகலின், இன்று விளங்காமை என்றும் விளங்காமைக்குச் சான்றாகாது. வினை உண்டென்பது மெய்யே. இச்சிறுவன் வினை இத்துணைத்தென்று அளந்து கூறும் அதிகாரத்தை ஆசிரியர்க்கு அளித்தவர் யாவர்?

மேனாட்டு உளநூலாரும் இப்படிமுறையைக் கண்டனர். சுவிட்சர்லாந்து தேயத்து ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளின் பிழைகளையே ஆராய்ந்தார். ஆன்மா அவர் ஆராய்ச்சிப் பொருளன்று. எனினும் அவர் கண்டது கொள்ளத்தக்கது. அகன்ற பாத்திரத்து நீரைக் கண்முன்னரே ஒடுங்கிய நெடும்பாத்திரத்திற் பெய்தவழி, ஏறத்தாழ 7 ஆண்டு நிரம்பாத சிறார் பலர் நீர் மிகுந்ததென்றனர். உயரம் ஒன்றனையே பற்றியதான் விளைந்த பிழை அது. பருவம் முதிர நீங்குவது. அப்பருவவெல்லை யாண்டும் ஒருபடித்தன்று என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. 1969-இல் வெளிவந்த மெக்சிகோ நாட்டு ஆய்வொன்றில், களிமண் உருமாறினும் அளவு மாறாதென்பதைக் குயவர் மக்கள் ஒத்த வயதினராகிய பிறரினும் நன்குணர்ந்தமை காணப்பட்டது. கை பயின்றதன்கண் அறிவு முற்பட்டு விளங்கும் போலும். பாம்பன் சிறார் வாடையும் கச்சானும் பகுத்தறிதலும், வடகடலுக்கும் தென்கடலுக்கும் வேற்றுமை கூறுதலும் இவ்வினத்தனவே. அவ்வறிவை வினவாத வினாத்தாளே குறையுடைத்து.

‘திருஞானசம்பந்தர் மூவாண்டிற் பாடியருளினரே, பருவம் எற்றுக்கு?’ எனின், அற்றன்று. அது திருவருட் செயல். அதனை எல்லாச் சிறார்க்கும் அளவுகோலாக்குதல் அருளின் அருமையை இழித்தலாய் முடியும்.

சரியை முதலாகப் படி வகுத்துப் பக்குவம் நோக்கி உபதேசித்தல் சைவ மரபு. ஞானத்திற்குப் படி வேண்டுவார், கணக்கிற்கு மட்டும் அது வேண்டாவென்பது என்னை? வலையின் கண்ணும் மீனின் கூறும் கொண்டு எண் தொடங்குக. பின்னர் ஏட்டிற்கு வருக. அதன் பின்னும் விளங்காதாயின், ஆசிரியர் முதற்கண் ஐயுறற்பாலது தம் முறையை. மாணாக்கன் வினையை அன்று.