காணாமற்போன கல்லும் காட்டிக்கொடுத்த படமும்

களவு போனது கல், காட்டிக்கொடுத்தது காகிதம்! விருத்தாசலத்து அர்த்தநாரி சிலையின் கதை இதுதான், தோழர்களே!

சோழப் பேரரசி செம்பியன் மாதேவி கல்லாலே எடுப்பித்த கோயில், விருத்தகிரீசுவரர் கோயில். அதன் சுவர் மாடத்திலே நின்றது ஒரு சிலை. பாதி ஆண், பாதி பெண். பெயர்த்தெடுத்தனர், கடல் கடத்தினர். 2004-ம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதனை 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். திருட்டுப் பொருளல்ல, 1970-லேயே டில்லியிலே விற்பனையானது என்று காட்ட ரசீதும் இருந்தது!

அந்த ரசீதைப் பொய்யென்று மெய்ப்பித்தது எது? வாளா? வழக்குமன்ற வாதமா? இல்லை, ஒரு புகைப்படம்! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1974-லே எடுத்து, பத்திரமாக வைத்திருந்த படம். அதிலே சிலை விருத்தாசலத்து மாடத்திலேயே நிற்கிறது! 1970-லே டில்லியிலே விலைபோன சிலை, 1974-லே விருத்தாசலத்திலே எப்படி நிற்கும்? வாய்மூடிற்று ரசீது. 2014 செப்டம்பரிலே ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், டில்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

மகிழ்ச்சிதான். ஆனால், அந்தப் படம் இல்லாதிருந்தால்?

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையிலே இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. அங்கே நின்று பாருங்கள். ஒரு புறம் விருத்தாசலம். மறு புறம், ஜெயங்கொண்டத்துக்கு அப்பால், இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். 1836-லே அணைக்கரை கட்ட அந்தக் கோயிலின் மதிற்கற்களையே பெயர்த்துச் சென்றனர். இன்றோ அது உலகப் பாரம்பரியச் சின்னம். மத்திய தொல்லியல் துறை காக்கிறது. பெரிய கோயிலுக்குப் பெயர் உண்டு, காவல் உண்டு. இடையிலே இருக்கும் சிற்றூர்களுக்கு? வயலோரத்து நடுகல்லுக்கு, ஆற்றங்கரைச் சிறு கோயிலுக்கு, எழுத்துத் தேய்ந்த கல்வெட்டுக்கு என்ன உண்டு?

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானைக் கேளுங்கள், சொல்லும். பூட்டிக் கிடந்த கோயிலிலே 2006-லே திருடர் புகுந்தனர். செப்புத் திருமேனிகள் பறிபோயின. ஊருக்குத் தெரிந்தது எப்போது? 2008-லே! பாதுகாப்பான இடத்துக்குச் சிலைகளைக் கொண்டுபோக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது! அதே 2008-லே அவ்வூர் நடராசர் சிலையை, கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று. விருத்தாசலத்துச் சிலையோடு சேர்ந்து 2014-லே அதுவும் திரும்பிற்று. வாங்கியவனுக்கு அதன் விலை தெரிந்தது. பறிகொடுத்த நமக்கோ, அது போனதே தெரியவில்லை! இதைவிட வெட்கம் வேறு உண்டா?

"பகுத்தறிவு பேசும் உமக்குச் சாமி சிலைமீது என்ன அக்கறை?" என்று கேலி பேசிடுவோர் உண்டு. கேட்கட்டும்! கல்லிலே கடவுளைக் காண்பவன் கும்பிடட்டும்; காணாதவன் கும்பிடாதிருக்கட்டும். ஆனால் அந்தக் கல்லைச் செதுக்கிய உளி தமிழனுடையது. அவன் பெயரைக்கூட வரலாறு நமக்கு விட்டுவைக்கவில்லை. அவன் கைத்திறனே அவன் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து. அதைக் காப்பது பக்தி அல்ல, மானம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொல்பொருளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க 1972-ம் ஆண்டுச் சட்டம். சிலைத் திருட்டைத் துப்பறிய 1983 முதல் தனிக் காவல் பிரிவு. கபூருக்கும் 2022 நவம்பரிலே கும்பகோணம் நீதிமன்றம், மற்றொரு சிலைத் திருட்டு வழக்கிலே, 10 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் வெளிநாட்டுக் கலைக்கூடத்தின் வாசலிலே நின்று "இது எங்களது" என்று சொன்னால், "சான்று எங்கே?" என்றுதான் கேட்பார்கள். கண்ணீர் சான்றாகாது; கோபம் சான்றாகாது. படமும் பதிவேடும்தான் சான்று!

பட்டியல் போட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்பர் சிலர். திருடனுக்கு வழி முன்பே தெரியும், தோழர்களே! இருப்பது இன்னதென்று தெரியாதவர்கள் நாம்தான்!

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை அறியாதார் யார்? சூளையிலிருந்து வெளிவரும் பொம்மையை எண்ணிக் கணக்கெழுதிய பிறகே கடைக்கு அனுப்புவார்கள். களிமண் பொம்மைக்குக் கணக்கு உண்டு. ஆயிரமாண்டுச் சிலைக்குக் கணக்கு இல்லையென்றால், அது அடுக்குமா?

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வோர் ஊராட்சியிலும் பாரம்பரியப் பதிவேடு வேண்டும். சிலை, நடுகல், கல்வெட்டு, பழங்குளம், பழமரம் — ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, நிற்கும் இடம் குறித்து எழுதிட வேண்டும். ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலே, ஒரு படி பள்ளியிலே, ஒரு படி மாவட்டத் தலைநகரிலே. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலே அதைப் படித்து, "இருக்கிறதா?" என்று ஊரே சரிபார்த்திட வேண்டும். அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் துணைநிற்க வேண்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். கையிலே இருக்கும் கைப்பேசியும், நெஞ்சிலே கொஞ்சம் கவலையும் போதும்.

அன்று, யாரோ எடுத்த படம் நம் சிலையை மீட்டது. இனி எடுக்க வேண்டிய படங்களை எடுத்திட வேண்டியவர்கள் நாம். திருடன் வருவதற்கு முன்பே எடுத்திடுவோம்!