உத்திரட்டாதியில் பாதரசம்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் இன்றும் அநேக வீடுகளில் கலியாணப் பேச்சென்றால் முதலில் கேட்பது பெண்ணின் படிப்பையுமல்ல, குணத்தையுமல்ல, ஜாதகத்தைத்தான். "நக்ஷத்திரப் பொருத்தமில்லை" என்று ஜோசியர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த நக்ஷத்திரமென்னும் வஸ்து இன்னதென்று அவருக்குத் தெரியுமா என்பதே நமது கேள்வி.

உத்திரட்டாதியை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை முன்னிரவில் மழைமேகம் விலகினால் ஆவடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே கட்டில்கால் போல் நான்கு மீன்கள் தெரியும். வடகிழக்கு மூலையிலுள்ளதை மேல்நாட்டார் அல்ஃபெராட்ஸ் என்பர். உத்திரட்டாதிக்குச் சொல்லப்படும் இரு மீன்களில் அதுவும் ஒன்று. அதன் வெளிச்சம் நம்மை வந்தடையச் சுமார் 97 வருஷமாகிறது. அவ்வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தவர்கள், அதன் மேற்பரப்பு ஆவியில் பாதரசமும் மாங்கனீசும் அளவுக்கு மீறி இருக்கக் கண்டார்கள். இத்தகைய மீன்களில் பாதரசம் சூரியனிலிருப்பதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்குகூட இருப்பதுண்டு.

இதில் மாயமொன்றுமில்லை. களத்தில் நெல் தூற்றும் குடியானவருக்கு எளிதில் விளங்கும். காற்று பதரைத் தள்ளுகிறது, மணி கீழே விழுகிறது. இம்மீன்களின் மேல் ஆவி அதிகம் கலங்காமல் கிடப்பதால், உள்ளிருந்து வரும் ஒளி, தன்னை மிகுதியாக விழுங்கும் அணுக்களை மேலே தள்ளுகிறது. ஹீலியம் போன்றவை கீழே இறங்கிவிடுகின்றன. 1970-இல் ஜார்ஜ் மிஷோ என்பவர் இதை விளக்கினார். ஆக, விசித்திரமெல்லாம் தோலில்தான்.

நக்ஷத்திர ஒளியிலிருந்து சரக்கின் அளவைக் கணக்கிட 1920-இல் வழிகாட்டியவர் மேகநாத் சாஹா. கல்கத்தா மாணவர் விடுதியில் ஜாதியின் பேரால் அவமதிக்கப்பட்டவர். அவர் பிறந்த நக்ஷத்திரம் எதுவென்று நமக்குக் கவலையில்லை.

ஒளியைப் பிரித்தறியும் இவ்வேலைக்குச் சீமைக்குப் போக வேண்டியதுமில்லை. ஆவடியைக் கடந்து மேற்கே போகும் இரயில் பாதையில் வாணியம்பாடி. அதற்கப்பால் ஜவ்வாது மலையில் காவலூர். நம் நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி 1986 முதல் அங்கே இருக்கிறது.

சந்திரன் உத்திரட்டாதியில் நிற்கையில் பிறந்தவருக்குச் சனி திசையில் வாழ்வு தொடங்குமாம்! சந்திரனோ அல்ஃபெராட்ஸுக்கு 20 பாகை அருகில்கூட ஒருநாளும் போவதில்லை. மேலும், அம்மீனின் பாதரசம் மேகம்போல் திட்டுத்திட்டாய்ப் படிந்து ஏழு வருஷத்தில் உருமாறியிருப்பதை 2007-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். எந்த வருஷத்து மேகத்தைப் பார்த்து ஒரு பெண்ணின் கலியாணத்தைத் தடுத்தார் என்று தோழர்கள் அடுத்த முறை ஜோசியரைக் கேட்கட்டும்.