கழலையும் கணக்கெடுப்பும்

கழுத்து வீங்கினாலன்றித் தைரொயிட்டு நோய் இல்லையென்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. கண்ணுக்குத் தெரியும் கழலைக்கு வைத்தியரை நாடுகின்றோம். கண்ணுக்குத் தெரியாத களைப்பைச் சோம்பலென்று இகழ்கின்றோம். இதனால் அல்லலுறுவோர் பெரும்பாலும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே கண்டக்கழலை நெடுங்காலம் மலிந்திருந்தது. அயடீன் குறைவே அதற்கு முதன்மையான காரணமெனக் கொள்ளப்பட்டது. 1995ஆம் ஆண்டு தொடக்கம் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அது நற்பணியே. ஆயினும், உப்பினால் எல்லாத் தைரொயிட்டு நோய்களும் ஒழிந்தனவென எண்ணுதல் தகாது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே அச்சுரப்பியைப் பகையெனக் கருதித் தாக்குவதும் உண்டு. அதற்கு அயடீன் மருந்தாகாது.

இந்நோய்கள் எத்துணைப் பேரிடம் உள்ளன என்பதை வைத்தியசாலைப் பதிவேடு கூறாது. வந்தவரை அது அறியும், வாராதவரை அறியாது. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள விக்கம் என்னும் பகுதியில் 1972 முதல் 1974 வரை வைத்தியர்கள் வேறு வழி கண்டனர். நோயாளர் வரட்டுமெனக் காத்திராது, அங்கு வாழ்ந்த வயதுவந்தோருள் 2,779 பேரைப் பரிசோதித்தனர். வெளிப்படையான சுரப்புக் குறைவு 1,000 பெண்களுக்கு 14 பேரிடம் காணப்பட்டது. ஆண்களிடம் 1,000 பேருக்கு ஒருவர்தானும் இலர். சுரப்பியைத் தூண்டும் ஓமோனோ நூற்றுக்கு 7.5 பெண்களிடம் உயர்ந்திருந்தது. இருபது ஆண்டுகளின் பின் அதே மக்களை மீண்டும் ஆராய்ந்தபோது, அவ்வுயர்வு பின்வரும் நோய்க்கு முன்னறிகுறி என்பது புலனாயிற்று.

அவ்வூரின் எண்கள் நம்மூருக்கு அப்படியே பொருந்துமென்று கூறேன். அவர்தம் முறை பொருந்தும். அனைவரையும் சோதிக்கப் பொருள் போதாதெனச் சிலர் தடைகூறுவர். அனைவரும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் சிலநூறு வீடுகளைப் பக்கச்சார்பின்றித் தெரிந்தெடுத்தாற் போதும். நம் கல்லூரி ஈன்ற வைத்தியர்கள் இதற்கு வழிகாட்டலாம். ஆசிரியர்களும் மூத்த மாணவர்களும் வீடுதோறுஞ் சென்று துணைபுரியலாம்.

சுரப்புக் குறைந்தவள் களைப்புறுவாள், குளிர் தாங்காள், உணவு மிகாமலே உடல் பருப்பாள், மறதியால் வருந்துவாள். ஓர் இரத்தப் பரிசோதனை உண்மையை உணர்த்தும். நாடோறும் உட்கொள்ளும் தைரொக்சின் குளிசை குறையை நிரப்பும். இத்துணை எளிய பரிகாரம் இருக்கவும், வயதென்றும் சோம்பலென்றும் பழிசொல்லி அவளை வருந்தவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.