காத்திருக்க வசதி வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியுமுன்னே திருப்பாவை ஒலிக்கத் தொடங்கும் மார்கழி பிறக்கிற அதே வாரத்தில்தான், பூகோளத்தின் மறுபக்கத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முன்கூட்டியே விண்ணப்பித்த மாணவர்களுக்குத் தம் முடிவைத் தெரிவிக்கின்றன. நவம்பர் முதல் தேதியை ஒட்டி விண்ணப்பம், டிசம்பர் நடுவில் முடிவு, இடையில் ஆறு வாரக் காத்திருப்பு. ‘எர்லி டிசிஷன்’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டில் சேருகிற பிள்ளை, இடம் கிடைத்துவிட்டால் வேறெந்தக் கல்லூரியையும் நாடாமல் அங்கேயே சேருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். பெற்றோரும் பள்ளியின் ஆலோசகரும் உடன் கையொப்பமிட வேண்டும். இந்த வாக்குக்குப் பிரதியாகக் கிடைப்பது, பிற்பாடு பெருங்கூட்டத்தோடு நின்று போட்டியிடுவதைவிடச் சற்றே கூடுதலான அதிர்ஷ்டம். அந்த ‘சற்றே’ எவ்வளவு என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்: 2003இல் வெளியான ஒரு நூலில் மூன்று ஆய்வாளர்கள், முன்கூட்டி விண்ணப்பிப்பதனால் உண்டாகும் அனுகூலம் எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் அதிகமாகப் பெறுவதற்கு ஒப்பானது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றாது. ஆனால், விலை கேட்காமலே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல யாரால் முடியும் என்பதை யோசித்தால் விஷயம் துலங்கிவிடும். நான்கு கல்லூரிகள் தருவதாகச் சொல்லும் உதவித்தொகையை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே கடன் குறையும் என்று பார்த்துச் சேர வேண்டிய குடும்பம், ஒரே கல்லூரிக்கு முன்கூட்டி வாக்குக் கொடுக்கத் துணியாது. உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த வாசல் இருப்பதை அறிந்து, தைரியமாக அதன் வழியே வெளியேறத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள வீட்டாரே. 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிச் சேர்க்கை செல்வர்களுக்கே சாதகமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதைக் கைவிட்டன. மற்றவை பின்தொடரும் என்று எதிர்பார்த்தார்கள், மற்றவையோ பெரும்பாலும் அசையவில்லை. 2011இல் இரண்டு பல்கலைக்கழகங்களும், வாக்குக் கேட்காத வடிவத்தில், முன்கூட்டிச் சேர்க்கைக்கே திரும்பிவிட்டன. தர்மத்தைத் தனியாக அனுஷ்டித்தால் நல்ல மாணவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் ஹார்வர்டுக்கே இருக்குமானால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் கடந்த சமாசாரம் ராஜபாளையத்துக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அதே ஏற்பாடு நம்மிடமும், பெயரில்லாமல், கையொப்பமில்லாமல், ரொக்கப் பணத்தின் ரூபத்தில் நடந்து வருகிறது என்பதே என் பதில். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் கழிந்ததும் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்குகிறது. பேசுகிற சேர்க்கை முகவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், பள்ளி தெரியும், எந்தப் பாடப் பிரிவு என்பதும் தெரியும். இவையெல்லாம் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று கேட்கும் துணிவு தகப்பனாருக்கு வருவதில்லை. “கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வேகமா முடியுது சார், இப்பவே பிளாக் பண்ணிடுங்க, ரிசல்ட் வந்த பிறகு இந்த ஃபீஸுக்குக் கிடைக்காது” என்கிறார் அவர். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள்: வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் மகளுக்காக நகையை அடகு வைத்து, பரீட்சை எழுதி முடிப்பதற்கு முன்பே, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டிவிட்டு வருகிறார். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்குவார். அந்த நிம்மதிக்கு அவர் கொடுத்த விலை முழுவதும் ரசீதில் எழுதப்பட்டிருக்காது.

ஏனெனில், மே மாதத் தொடக்கத்தில் முடிவு வெளியாகி, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப் கணக்கிட்டு, அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் அந்தப் பெண் நின்றிருப்பாளானால், அவளுக்கு உரிய சலுகைகள் வேறு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற வகையில் கிடைக்கும் கட்டணச் சலுகை, கவுன்சிலிங் என்ற இந்த ஒற்றைச் சாளர முறையில் சேருகிறவர்களுக்கே உரியது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவளானால், மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் முதலிய படிப்புகளுக்கு 2021இலும் ஏற்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெறலாம். அவ்வாறு சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்குக்கு வெளியே நிற்பவை. ஆகவே, ஜனவரியில் அவசரப்பட்டுக் கட்டிய முன்பணம், ஆகஸ்டில் இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடிய ஒரு படிப்பை விலை கொடுத்து வாங்கியதாக முடிந்துவிடலாம். உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க ஏழைக்கு எவ்வாறு அவகாசமில்லையோ அவ்வாறே நம் விசைத்தறிக்காரருக்கும் இல்லை. வித்தியாசம், அங்கே பணக்காரன் முந்திக்கொள்கிறான், இங்கே பயந்தவன் முந்திக்கொள்கிறான்.

அரசுக் கவுன்சிலிங்கின் அமைப்பைப் பார்த்தால், அது காத்திருப்பவனைத் தண்டிக்காமல் இருக்க எவ்வளவு பிரயாசைப்பட்டு வகுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். வீட்டிலிருந்தோ இ-சேவை மையத்திலிருந்தோ கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததை ஏற்றுக்கொள்வதோடு, மேலே உள்ளதொன்று காலியானால் அதற்கு நகர்த்துங்கள் என்றும் சொல்லி வைக்கலாம். கையில் உள்ளதை இழக்காமலே இன்னும் நல்லதற்குக் காத்திருக்கும் உரிமையை ஏழைக்கும் செல்வனுக்கும் சமமாகக் கொடுக்கிற ஏற்பாடு இது. இரண்டு பேர் மதிப்பெண்ணிலும் பிறந்த தேதியிலும்கூடச் சமமாக நின்றுவிட்டால், பத்து இலக்கச் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு வரிசை தீர்மானிக்கிறார்கள். அந்த எண்ணுக்குச் சிபாரிசு பிடிக்க இதுவரை ஒருவருக்கும் வழி அகப்படவில்லை.

இத்தனை சிறப்பிருந்தும், இந்த ஏற்பாடு மெதுவாக வருகிறது. முடிவு வெளியாவது மே மாதத்தில். கவுன்சிலிங் தொடங்குவதோ ஜூலையில். கடைசிச் சுற்று முடிவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடி நிலைக்கு வந்துவிடுகிறது, சில வருஷங்களில் செப்டம்பரும் பிறந்துவிடுகிறது. மருத்துவத்தையும் எண்ணியிருக்கும் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். 2024இல் ‘நீட்’ முடிவு ஜூன் 4ஆம் தேதி வந்தது. கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேர் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவர்களுக்கு ஜூன் 23இல் மறுதேர்வு. ஜூலை 23இல் உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் மறுதேர்வு வேண்டியதில்லை என்றது. திருத்திய முடிவு ஜூலை 26இல் வந்தது. அதுவரை விருதுநகரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, அல்லது பொறியியலுக்கே போவதா என்று எதையும் நிச்சயிக்க முடியாமல் எத்தனையோ வீடுகள் தவித்திருக்கும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பெறுவதைப் பல வருஷங்களாகவும், 2023இலும், பெருமையாகக் கொண்டாடியது விருதுநகர் மாவட்டம். தேறியவர்கள் அதிகமானால் தவிப்பவர்களும் அதிகம்தானே.

கல்லூரி இடம் என்பது யாருக்குச் சொந்தம், யார் பங்கிடுவது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்தவர் ராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா, தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்து காந்தி கலை மன்றம் ஏற்படுத்தியவர். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் வகுப்புவாரி உத்தரவு நீதிமன்றம் ஏறியது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட அந்த உத்தரவை எதிர்த்து பிராமணர்களான செண்பகம் துரைராஜனும் ஸ்ரீனிவாசனும் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்திலும், 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றத்திலும் உத்தரவு தோற்றது. சில வாரங்களுக்குள் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பிற்பட்ட வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. அந்த வழக்கைப் பற்றி எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்றை மறுக்க முடியாது: பங்கீட்டின் கணக்கு பகிரங்கமாக இருந்தது, பிடிக்காதவர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது, பிடித்தவர் சட்டத்தையே திருத்த முடிந்தது. பிப்ரவரி மாதத்தில் தொலைபேசியில் ‘பிளாக்’ செய்யப்படும் சீட்டுக்கு எந்தப் பட்டியலும் இல்லை, எந்த விகிதமும் இல்லை, ஆட்சேபிக்க ஒரு மன்றமும் இல்லை. இன்னொரு விசேஷம்: இடம் கிடைக்காதென்று முன்னமே தெரிந்துகொண்டதால், செண்பகம் துரைராஜன் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விண்ணப்பித்துப் பார்க்காமலே, கிடைக்காதென்று முடிவு கட்டிக்கொள்ளும் அந்த மனநிலைதான், எழுபது வருஷங்களுக்கும் மேலான பிறகு, வேறு ஜாதியில், வேறு வர்க்கத்தில், முன்பணம் கட்டுகிற தகப்பனாரிடமும் காணப்படுகிறது.

அவரை மூடர் என்று நான் சொல்லவில்லை. கல்லூரிக்காரர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு: எத்தனை பேர் சேருவார்கள் என்று தெரியாமல் ஆசிரியர்களை நியமிக்கவோ விடுதி கட்டவோ முடியாது. ஆனால், எண்ணிக்கை தெரிய வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். நகையை அடகு வைக்கும் அளவுக்குப் பணம் எதற்கு?

சட்டம் முற்றிலும் மௌனமாக இருக்கிறதென்றும் சொல்வதற்கில்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கலாகாது, விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்தது. 2024-25ஆம் கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகுகிறவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகுகிறவர்களுக்கு ரூ.1,000க்கு மேற்படாத பிடித்தம் போக மீதியும் தர வேண்டுமென்று உத்தரவு இருந்தது. அது பத்திரிகைகளில் வந்தது. விசைத்தறிக்காரரிடம் அதை எடுத்துச் சொன்னவர் யார்? திருப்பித் தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே, கவுன்சிலிங்கில் நல்ல இடம் வந்தும் போகாமல் விட்ட பெற்றோரை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சந்திக்கலாம். முன்பணம் வாங்கும் ஒவ்வொரு ரசீதிலும் அந்த விதியைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டுமென்று நிர்ப்பந்திப்பதும், ஜனவரியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அதை வாசித்துக் காட்ட வேண்டுமென்று மாவட்டக் கல்வி அலுவலகம் உத்தரவிடுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்று முடியுமட்டும், பெயர் பதிவுக்கான சொற்பத் தொகைக்கு மேல் எந்தப் பல்கலைக்கழகமும் வாங்கக் கூடாதென்ற விதிக்கு மத்திய அரசின் சம்மதம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். கவுன்சிலிங்கைச் சீக்கிரம் தொடங்குவதோ பெரும்பாலும் மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. கல்லூரிகளின் அங்கீகாரமும் இணைப்பும் புதுப்பிக்கப்பட வேண்டியிருப்பதைத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இணைப்புத் தரும் பல்கலைக்கழகத்தின் பக்கத்து வேலையை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்து, அங்கீகாரம் தரும் டெல்லியையும் நெருக்கினால், ஜூன் மாதத்திலேயே முதல் சுற்றை நடத்திவிடலாம். முகவரின் தொலைபேசிக்கும் அவ்வளவு வேலை இராது.