இந்தச் சால்வை எத்தனை மணி நேரம்?

பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யார் நடக்கப் போகிறார்கள்? வார இறுதியில் பின்னல் முகாமுக்குப் போகிறேன் என்று வானொலி நிலையத்தில் சொன்னதும் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் இப்போது போட்டிருக்கும் டீ-சட்டையைக் கொஞ்சம் இழுத்து உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டிக் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். அதுவும் பின்னல் துணிதான். திருப்பூர் ஊரே அந்தக் கண்ணிகளை நம்பித்தான் பிழைக்கிறது. ஆக, நாம் எல்லாரும் வெயிலில் பின்னலைப் போட்டுக்கொண்டுதான் அலைகிறோம். கையால் பின்னியதில்லை, அவ்வளவுதான்.

முகாம் கொடிமலையில் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. ஜோர்ஜ்டவுனைவிட மேலே சில டிகிரி குளிர்ச்சி. சால்வையைத் தோளில் போட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. பதினான்கு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை, தாதி, இரண்டு சீன ஆன்டிகள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து ஓர் இளம் பொறியாளர். அவர் ஒருவர்தான் ஆண். கூட்டத்திலேயே வேகமாகப் பின்னுபவரும் அவர்தான். "நாள் முழுக்கத் திரையையே பார்க்கிறேன் அக்கா, சாயங்காலமாவது கையில் ஏதாவது பிடிபடணும்" என்றார்.

இரண்டு ஊசியில் பின்னினால் நிட்டிங். ஒரே ஒரு கொக்கி ஊசியில் பின்னினால் குரோஷா. முன்னதற்கு எப்போதோ இயந்திரம் வந்துவிட்டது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடித்துவிடும் என்று எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்தார் என்றொரு கதை உண்டு. குரோஷா அப்படி இல்லை. இன்றைக்குக் கடையில் விற்கும் குரோஷா பையும் தொப்பியும்கூட எங்கோ ஒருவர் கையால் பின்னியதுதான். விலை பத்து வெள்ளி என்றால், அந்தக் கைக்கு எவ்வளவு போயிருக்கும்?

இந்தக் கேள்வியைப் போட்டவர், முகாமில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா. பக்கவாதம் வந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள அலுவலக வேலையை விட்டவர். அம்மா தூங்கும் நேரத்தில் பின்னி, ஞாயிறு சந்தையில் விற்கிறார். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அதுதான் மாதச் செலவு. "120 வெள்ளி சொன்னா, 'ஐயோ, ஆன்லைன்ல இருபத்தஞ்சுதானே'ங்கிறாங்க. பேரம் பேசினாக்கூடப் பரவாயில்லை. 'சும்மா வீட்டுல உட்கார்ந்து செய்றதுதானே'ன்னு சொல்லும்போதுதான் மனசு விட்டுப் போகுது" என்றார்.

ஆசிரியை டீச்சர் உடனே ஒரு தாளை எடுத்தார். சால்வைக்கு 40 மணி நேரம். நூலுக்கு 35 வெள்ளி. விற்பது 120. நூல் காசு போக மிச்சம் 85. அதை 40-ஆல் வகுத்தால் மணிக்கு 2 வெள்ளி சொச்சம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 சென். அந்தக் கணக்கில் கூலி மட்டுமே 326 வெள்ளி 80 சென் வரவேண்டும். ஊசிகள் எல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டன.

பின்னலுக்குச் சரியான கூலி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. நாகர்கோவிலில் 1819-இல் வந்து இறங்கிய மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி, சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்த காலம் அது; சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொண்டு தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கிய பெண்கள் அங்கே இருந்தார்கள். நூலைக் காசாக்கி, காசைச் சுதந்திரமாக்கிக் காட்டியவர்கள்.

விற்காமல் கொடுப்பதற்கென்றே பின்னியவர்களும் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31-இல் சென்னையில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனையைச் செய்தது. 11,148.5 சதுர மீட்டர். ஒன்றரைக் கால்பந்துத் திடலை மூடிவிடலாம். வெவ்வேறு ஊர்களில் அவரவர் வீட்டில் பின்னிய போர்வைகளைக் கொண்டுவந்து ஒன்றாய் இணைத்தார்கள். பிறகு அவை இல்லாதவர்களுக்குப் போர்த்திக்கொள்ளப் போயின.

எனக்கு இதில் ஒன்று புரிந்தது. தானமாகக் கொடுப்பதற்கும், அடிமாட்டு விலைக்குப் பறிகொடுப்பதற்கும் ஏக வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பெண்கள் 'என் நேரத்தைத் தருகிறேன்' என்று மனமுவந்து தந்தார்கள். சந்தையில் நாம் அந்த நேரத்தைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறோம்.

சரி, 120 வெள்ளிச் சால்வையை 360-க்கு விற்க முடியுமா? முடியாது என்று அந்த அக்காவே சொல்லிவிட்டார். வாங்குபவரும் சம்பளக்காரர்தானே. இரண்டாம் நாள் எல்லாரும் சேர்ந்து யோசித்ததில் வேறு வழி கிடைத்தது. முழுச் சால்வையைக் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் பின்னுவது, அதுவும் முன்பணம் வாங்கிக்கொண்டு. சந்தைக்கு இரண்டு மணி நேரத்தில் முடிகிற சாவிக்கொத்து, குட்டிப் பை. பொறியாளர் தம்பி இன்னொன்று சொன்னார்: "விலைச் சீட்டுல விலைக்கு மேல மணி நேரத்தை எழுதுங்க அக்கா."

அக்கா கொஞ்சம் தயங்கினார். "கணக்குக் காட்டுற மாதிரி இருக்காதா?"

"காட்டணும்மா" என்றார் டீச்சர்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நீலச் சால்வை, ஓரத்தில் சின்ன அட்டை. '41 மணி நேரம். 180 வெள்ளி.' இன்னும் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தொடவில்லைதான். ஆனால் வாங்கிய பெண் பேரம் பேசவில்லையாம். அட்டையைப் படித்துவிட்டு, "நாற்பத்தோரு மணி நேரமா?" என்று மட்டும் கேட்டாராம்.