விளக்கமும் ஒரு மருந்தே!

"ஐயோ, என் ரத்தம் எல்லாம் வெளியே போகிறதே!"

டயாலிசிஸ் படுக்கையில் முதல் முறை படுப்பவர்களில் பலருக்கு இந்தப் பயம் வருகிறது. சிவந்த குழாயைப் பார்த்ததும் கை கால் நடுங்குகிறது.

உண்மை என்ன? எந்த நேரத்திலும் உடலுக்கு வெளியே இருப்பது சுமார் ஒரு டம்ளர் ரத்தம்தான். அது வடிகட்டிக்குள் சென்று, கழிவு நீங்கி, மறு குழாய் வழியாக உடலுக்கே திரும்பி விடுகிறது. இதைச் சொல்ல 2 நிமிஷம் போதும். ஆனால், பல இடங்களில் இதைச் சொல்ல ஆள் இல்லை!

சிறுநீரகம் செயல் இழந்தவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, முறைக்கு சுமார் 4 மணி நேரம் இயந்திரத்துடன் இருக்க வேண்டும். வேலைக்குப் போக முடிவதில்லை. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. "குடும்பத்துக்குப் பாரமாகி விட்டேனே" என்ற எண்ணம் மனதை அரிக்கிறது.

டயாலிசிஸ் செய்துகொள்வோரில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தூக்கம் இல்லை, பசி இல்லை, யாருடனும் பேச்சு இல்லை. "சிறுநீரக நோயின் களைப்புதான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சோர்வு முற்றினால் நோயாளி டயாலிசிசுக்கே வர மறுக்கக் கூடும். அது உயிருக்கு ஆபத்து.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் மகனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொல்வார். "அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்பான் மகன். அன்பினால்தான் அப்படிச் செய்கிறான். தந்தையோ, "என்னிடம் மறைக்கிறார்களே, நோய் இன்னும் மோசம் போலும்" என்று கலங்குகிறார்.

காரணம் தெரிந்தால் பத்தியம் தண்டனையாகத் தோன்றாது. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. அது ரத்தத்தில் மிஞ்சினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஊறுகாயின் உப்பு தாகத்தைத் தூண்டும். உடலில் நீர் சேர்ந்தால் மூச்சு திணறும். சேர்ந்த நீரை வேகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும். காலில் தசை பிடித்து இழுக்கும். இவற்றை அறிந்தவர் தம் உடலைத் தாமே கவனிக்கிறார். "என் கையில் ஒன்றும் இல்லை" என்ற ஏக்கம் குறைகிறது.

டயாலிசிஸ் என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்கு 1960-ல் தொடர் டயாலிசிஸ் தொடங்கியது. அதன் பின் அவர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆரம்ப காலத்திலேயே இது முடிந்தது!

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல ஏற்பாடு. அதுபோல விளக்கமும் நோயாளியைத் தேடி வர வேண்டும்.

முதல் வாரத்திலேயே நர்சு ஒருவர் நோயாளியையும் வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச வேண்டும். பெரிய எழுத்தில், படங்களுடன், தமிழில் சிறு புத்தகம் கொடுக்க வேண்டும். எடை பார்க்கும்போதே, "மனசு எப்படி இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும்.

விளக்கம் மட்டும் எல்லாச் சோர்வையும் தீர்த்துவிடாது. சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ, வீட்டார் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. அதைக் கேட்டுப் பெற வெட்கம் வேண்டியதில்லை.